வேலிக்கு இப்பால் அடித்த கம்பி

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நிலத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கென்றே படித்துப் பட்டம் வாங்கிய ஆட்கள் இருக்கிறார்கள் என்பது முப்பத்திரண்டு வயதுவரை எனக்குத் தெரியாது. யாழ்ப்பாணத்தின் வடகரையில், மயிலிட்டியில், எங்களுக்கு அடி என்றால் கடலின் அடிதான். ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டி இறக்கினால் எத்தனை பாகம் ஆழம் என்று கை சொல்லிவிடும். அதிலும் நான் இரண்டு தரம் இறக்கிப் பார்க்கிறவன். முதல் தரமே சரியாகத்தான் இருக்கும், ஆனாலும் மனம் கேட்காது. என்னோடு வள்ளத்தில் வருகிற மச்சான், என் மனைவியின் தம்பி, "அத்தான், கடல் ஒரு இடமும் போகாது, அங்கைதான் கிடக்கும்" என்பான்.

தொண்ணூறாம் ஆண்டு சண்டையில் ஊரை விட்டு எழும்பினோம். தெற்கே ஏழெட்டு மைல் தள்ளி, தோட்டக் காணிகளுக்கு நடுவில் இருந்த ஒரு சின்னப் பள்ளிக்கூட வளவில் நாற்பத்தைந்து குடும்பங்கள் கொட்டில் போட்டு இருந்தோம். வந்த புதிதில் பள்ளிக்கூடக் கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர். பிள்ளைகள் வாய் நனைக்க வெட்டிய கிணற்றில் நாற்பத்தைந்து குடும்பம் அள்ளினால் அது எத்தனை நாளைக்குத் தாங்கும். சில மாதத்தில் தேத்தண்ணி கரித்தது. ஒரு வருடம் கழிய அந்தத் தண்ணீரில் பருப்பு அவியவில்லை. என்னுடைய சின்ன மகளுக்கு வயிற்றோட்டம் வரும், நிற்கும், திரும்ப வரும். ஒவ்வொரு முறையும் அவளுடைய கை மெலிந்திருக்கிறதா என்று விரலால் வளைத்துப் பார்ப்பேன். மனைவிக்கு அது பிடிக்காது. "அளந்து அளந்து பிள்ளையைத் தேய்ச்சுப் போடுவியள் போலை கிடக்கு" என்பாள்.

பள்ளிக்கூட வளவுக்கு வடக்கே ஒரு வாழைத் தோட்டம். அது முடிகிற இடத்தில் தென்னோலை பின்னிய கிடுகு வேலி. வேலிக்கு அப்பால் வெங்காயம் செய்கிற ஒரு தோட்டக்காரரின் காணியும் அவருடைய கிணறும். அந்தக் கிணற்றுத் தண்ணீர் இனிக்கும். ஒருநாள் என் மனைவி வேலியில் நாய் போய்வருகிற ஓட்டையை, அந்தப் பொட்டை, கொஞ்சம் விரித்து, குனிந்து உள்ளே போய், குழந்தைக்கென்று ஒரு வாளி தண்ணீர் அள்ளியிருக்கிறாள். அவர் கண்டுவிட்டார். வாளியைப் பறிக்கவில்லை, கை நீட்டவில்லை. "கடற்கரைச் சனத்துக்கு வேலி எண்டா என்னெண்டு தெரியாது, அது உங்கடை பிழையில்லை" என்று மட்டும் சொன்னாராம். அவள் அந்த வாளியை அங்கேயே கவிழ்த்துவிட்டு வந்தாள். வந்து என் முன்னால் நின்று, "இனி எங்கடை வீட்டு ஆக்கள் ஆராவது உந்த வேலிக்கு அங்காலை கால் வைச்சியளெண்டால், நான் உங்களோடை இருக்க மாட்டன்" என்றாள். அடுத்த நாளே அவர் அந்தப் பொட்டைப் புதுக் கிடுகு வைத்துக் கட்டிவிட்டார்.

இது நடந்து மூன்றாம் நாள் மிஸ் வந்தார்.

மிஸ் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். என்னைவிட இரண்டு மூன்று வயது இளமை. முன்பு அரசாங்கத்தில் நிலத்தடித் தண்ணீர் பார்க்கிற வேலையில் இருந்தவர், அப்போது ஒரு உதவி நிறுவனத்துக்காக முகாம் முகாமாகப் போய்க்கொண்டிருந்தார். சைக்கிள் கரியரில் ஒரு பழைய கார் பற்றரி. முன்னால் ஒரு மரப்பெட்டி, அதற்குள் ஊசி ஆடுகிற ஒரு மெசின். இரண்டு உருளையில் சுற்றிய வயர், நான்கு இரும்புக் கம்பி, சுத்தியல், துணி முடிச்சுப் போட்ட ஒரு நீளக் கயிறு. அவ்வளவுதான் அவருடைய சாமான். கம்பி அடிக்க இரண்டு பேர் வேண்டும் என்று நாட்கூலிக்கு ஆள் கேட்டார். நானும் மச்சானும் போனோம்.

வேலை பார்க்க இலேசானது. நடுவில் மிஸ் மெசினோடு இருப்பார். அவருக்குக் கிட்டவாக இரண்டு கம்பி நிலத்தில் நிற்கும். மற்ற இரண்டு கம்பிகளையும் நான் வடக்கேயும் மச்சான் தெற்கேயும் கொண்டுபோய் ஒரே தூரத்தில் அடிக்க வேண்டும். அடித்த இடத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வயரைப் பூட்டிவிட்டு "சரி" என்று கத்த வேண்டும். மிஸ் "கரண்ட் விடப்போறன், கையை எடுங்கோ" என்பார். நான் கையை மட்டுமல்ல, ஆளையே எடுத்து நாலு பாகம் தள்ளி நிற்பேன். ஊசி ஆடும். அவர் கொப்பியில் எழுதுவார். பிறகு இன்னும் தூரம். இரண்டு மீற்றரில் தொடங்கி, ஐந்து, பத்து, இருபது என்று நூறு மீற்றர்வரை ஒவ்வொரு துணி முடிச்சுக்கும் போக வேண்டும். கம்பிகள் விலக விலக கரண்ட் ஆழமாக இறங்கி வருமாம். நல்ல தண்ணீர் ஊறிய கல்லில் அது தயங்கித் தயங்கிப் போகுமாம், உப்புத் தண்ணீர் என்றால் ஓடிவிடுமாம். அப்படித்தான் வெட்டாமலே கீழே எது கிடக்கிறது என்று தெரியும் என்றார்.

"ஈயக்குண்டு மாதிரி" என்றேன்.

"ஓம் அண்ணை, அதேதான். ஆனா எங்கடை குண்டு கண்ணுக்குத் தெரியாது. கயிறு எவ்வளவு விட்டனாங்கள் எண்டது மட்டும் சரியாத் தெரியவேணும். அது பிழைச்சால் எல்லாம் பிழை."

தண்ணீரைக் கம்பியடியில் ஊற்றுவதைப் பார்த்து முகாமின் பெண்கள் மச்சானைப் பிடித்துக்கொண்டார்கள். "குடிக்கவே இல்லை, உவர் இரும்புக்குக் குடுக்கிறார்." மச்சான் விட்டுக்கொடுக்கவில்லை. "இரும்பு குடிச்சிட்டுச் சும்மா இருக்குது. உங்களை மாதிரிக் கரிக்குதெண்டு சொல்லுதே?"

கயிற்றைக் கிழக்கு மேற்காகப் போட இடமில்லை. ஒரு பக்கம் பள்ளிக்கூடக் கட்டடம், மறுபக்கம் றோட்டு. வடக்குத் தெற்காகத்தான் போட்டோம். அறுபதாவது மீற்றர் முடிச்சு வாழைத் தோட்டத்தின் கடைசி வரிசையில் விழுந்தது. அதற்கு அப்பால் ஐந்தாறு எட்டு வைத்தால் வேலி. எண்பதும் நூறும் வேலிக்கு அப்பால், அவருடைய வெங்காயக் காணிக்குள்.

நான் கம்பியையும் சுத்தியலையும் பிடித்தபடி வேலியோடு நின்றேன். பொட்டுக் கட்டிய புதுக் கிடுகு இன்னும் பச்சை மாறாமல் இருந்தது. உள்ளே அவர் செருமுகிற சத்தம் கேட்டது. வேலியைப் பிரிக்க வேண்டும் என்றால் அவரைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் அவர் என்ன சொல்வார், நான் என்ன சொல்வேன், அது மனைவி காதுக்குப் போனால் அவள் என்ன செய்வாள் என்று மூன்று பேருக்கும் நானே கதைத்து முடித்துவிட்டேன். பின்னால் வாழைக்குள் இருந்து மிஸ்ஸின் குரல் வந்தது. வாழை மறைத்ததால் நான் நிற்கிற இடம் அவருக்குத் தெரியாது.

"எண்பதோ அண்ணை?"

கம்பியை வேலியடியிலேயே அடித்தேன்.

"ஓம் மிஸ், எண்பது. சரி."

நூறு என்று அவர் சொன்னபோது கம்பியைப் பிடுங்கி ஒரு அடி தள்ளித் திரும்ப அடித்தேன். ஒரே துளைக்குள் அடிக்காமல் விட்டது ஏதோ நேர்மை போல அந்த நேரம் எனக்குப் பட்டது. மிச்ச வயரைச் சுருட்டி வாழையடியில் போட்டுவிட்டு, "சரி" என்றேன்.

பின்னேரம் மிஸ் பள்ளிக்கூட வாங்குப் பலகையில் உட்கார்ந்து கட்டம் போட்ட தாளில் கோடு கீறினார். நாங்கள் இரண்டு பேரும் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றோம். கோடு ஏறி, கொஞ்சம் இறங்கி, கடைசியில் இரண்டு புள்ளியில் நிமிர்ந்து நின்றது. அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"நான் உப்பு ஐம்பது அறுபது அடியிலை வருமெண்டு நினைச்சனான். உப்பெண்டால் கோடு விழும். இதைப் பாருங்கோ, விழவே இல்லை. நூறு அடி தாண்டியும் நல்ல தண்ணிதான் போலை. உங்கடை சனத்துக்கு அதிர்ஷ்டம்." துளை போடுகிற மெசினைத் திங்கட்கிழமை கூப்பிடலாம், தொண்ணூறு அடி போகலாம், நாற்பத்தைந்து குடும்பத்துக்கும் போதும் என்றார்.

கடைசி இரண்டு புள்ளியும் என்னுடையவை.

"மிஸ், ஒருவேளை உந்தக் கணக்குப் பிழைச்சு, உப்பு மேலை இருந்தால் என்ன நடக்கும்?"

அவர் என்னுடைய பயம் தெரிந்தவர்போல ஆறுதலாகத்தான் சொன்னார். "இஞ்சை சுத்திவரக் கடல்தானே அண்ணை. மழைத் தண்ணி உப்புத் தண்ணிக்கு மேலை மிதந்துகொண்டு கிடக்கு. துளையை உப்பு வரைக்கும் விட்டு இறைச்சால், அந்த உப்பு மண்கும்பி மாதிரிக் குவிஞ்சு எழும்பி மேலை வரும். பிறகு அந்தத் துளை மட்டுமில்லை, பக்கத்துக் கிணறு எல்லாம் போகும். ஒரு ஊரிலை நான் கண்ணாலை கண்டனான். புகையிலை எல்லாம் நிண்ட நிலையிலை கருகிப் போச்சு."

"பேந்து அந்த உப்பு இறங்காதோ?"

"மழையைப் பொறுத்தது. ஏழெட்டு வருசம் எடுக்கலாம். சில இடத்திலை இறங்கிறதைப் பாக்க நாங்கள் இருக்க மாட்டம்."

அன்று வியாழக்கிழமை. திங்கள்வரை நான் பட்ட பாட்டை எழுதினால் படிக்கிறவருக்கும் தலையிடி வரும். வெள்ளிக்கிழமை காலையில் ஆருக்கும் தெரியாமல் வாழைக்குள் போய் எட்டு வைத்து அளந்தேன். மிஸ் இருந்த இடத்தில் இருந்து வேலிவரை அறுபத்தைந்து மீற்றருக்குக் கிட்ட. மனம் கேட்காமல் திரும்ப அளந்தேன். அதேதான். அறுபத்தைந்துக்கும் நூறுக்கும் வித்தியாசம் பெரிசா இருக்காது என்று ஒரு மனம் சொல்லும். கயிறு பிழைத்தால் எல்லாம் பிழை என்று மற்ற மனம் சொல்லும். சனிக்கிழமை மச்சானிடம் சொன்னேன். அவன் பகிடிக்காரன், ஆனால் அன்று சிரிக்கவில்லை.

"அத்தான், ஒரு சொல்லிலை முடியிற அலுவல். போய்ச் சொல்லுங்கோ."

"சொன்னா மெசின் வராது. சனம் என்னைக் கொல்லும்."

"சொல்லாட்டி மெசின் வரும். பேந்து உப்பு கொல்லும். கெதியா ஒண்டைத் தெரிவு செய்யுங்கோ, எனக்கு அலுப்பு அடிக்குது."

மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் போட்ட சத்தியத்தால்தான் இது நடந்தது என்று ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்குத் திரும்ப வயிற்றால் போனது. இனி மூன்று நாள்தான், குழாய்க்கிணறு வந்திடும் என்று அவள் பிள்ளையிடம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டுக்கொண்டு நான் வெளியே இருந்தேன்.

திங்கள் காலை உழவு மெசின் இழுத்துவந்த பெட்டியில் துளை போடுகிற மெசின் வந்து இறங்கியது. பொருளாதாரத் தடையால் டீசல் கிடைப்பது தங்கம் கிடைப்பதுபோல் இருந்த காலம். மிஸ் எங்கெங்கோ அலைந்து ஒரு பரல் டீசல் எடுத்திருந்தார். முகாமே வளவில் கூடிவிட்டது. தண்ணீர் வர இரண்டு நாள் ஆகும் என்று தெரிந்தும் பெண்கள் குடத்தைக் கொண்டுவந்து வரிசையாக வைத்திருந்தார்கள். வரிசையில் எங்களுடைய குடம் ஏழாவதாக நின்றது. மெசின்காரர் இரும்புக் கால்களை நட்டு, மட்டம் பார்த்து, துளைக்கிற தண்டை நிமிர்த்தினார்.

நான் மிஸ்ஸின் கிட்டப் போனேன்.

"மிஸ், அண்டைக்கு அளக்கேக்கை ஆமியின்ரை ஹெலி சத்தம் கேட்டது. நான் பயத்திலை எண்பதுக்குப் போகேல்லை."

அவர் என்னைப் பார்த்தார். கைப்பையிலிருந்து கொப்பியை எடுத்துப் புரட்டினார். ஒவ்வொரு அளவுக்கும் நேரம் எழுதியிருப்பார். மழை, காற்று, ஹெலி, எல்லாம் எழுதியிருப்பார்.

"ஹெலி வந்தது முடிஞ்ச பிறகு அண்ணை. நாங்கள் வயர் சுத்தேக்கை." குரல் உயரவில்லை. "எவ்வளவு தூரத்திலை அடிச்சனீங்கள்?"

"அறுபத்தைஞ்சு."

"எண்பதுக்கோ?"

"ரெண்டுக்கும்."

அவர் கொப்பியை மூடாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு மெசின்காரரைப் பார்த்துக் கையை உயர்த்தி, "கொஞ்சம் பொறுங்கோ" என்றார். மெசின்காரர் தன்னுடைய கையில் இல்லாத மணிக்கூட்டைப் பார்த்தார். "பிள்ளை, நாளைக்குப் பின்னேரம் நான் மற்ற முகாமிலை நிக்கவேணும். டீசலும் இவ்வளவுதான்."

"மத்தியானத்துக்குள்ளை சொல்லுறன்."

வாழைக்குள் என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தார். வேலியைக் கண்டதும் நின்றார். "ஏன்?" என்று கேட்டார். புதுக் கிடுகைப் பார்த்தார். "உங்களை உள்ளை விடமாட்டாராமோ?"

"நான் கேக்கவே இல்லை மிஸ். கேட்டிருந்தா விட்டிருப்பாரோ என்னமோ."

மிஸ்ஸும் தோட்டக்காரக் குடும்பத்துப் பிள்ளைதான். முகம் ஒருமாதிரி ஆனது. "நான் வேலியைப் பாத்தனான், அண்ணை. பாத்திட்டு நீங்கள் எப்பிடியும் போயிருப்பியள் எண்டு நினைச்சிட்டன். நான் வந்து கேட்டிருக்கவேணும்" என்று சொல்லிவிட்டு, வேலிக்கு மேலால் தோட்டக்காரரைக் கூப்பிட்டார்.

அவர் தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். மிஸ் விசயத்தைச் சொல்லத் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பிறகு என்னைப் பார்க்காமல் மிஸ்ஸிடம், "உப்பும் இவையோடை சேர்ந்து இடம்பெயர்ந்து வந்திட்டுதோ பிள்ளை?" என்றார்.

"உப்பு உங்களுக்கு முந்தியே இஞ்சை கிடக்கு ஐயா. இவையின்ரை துளை பிழைச்சா முதல் போறது வேலியோடை நிக்கிற உங்கடை கிணறு."

அதற்குப் பிறகு அவர் பகிடி விடவில்லை. வேலியைத் தானே பிரித்தார். ஆனால் கம்பியைத் தான்தான் அடிப்பேன் என்றார். "உவன் உள்ளை வரத் தேவையில்லை. எனக்குச் சுத்தியல் பிடிக்கத் தெரியாதோ?"

மிஸ் என்னைப் பார்த்தார். நான் சரி என்று தலையாட்டினேன். உள்ளே போகாமல் தப்பியதில் எனக்குள் ஒரு ஆறுதல் வந்ததை மறைக்க மாட்டேன். மிஸ் வாழைக்கு அப்பால் ஊசி மெசினடிக்குத் திரும்பிப் போனார். மச்சான் தெற்கே கம்பியோடு நின்றான். எண்பதாவது முடிச்சு தோட்டக்காரருடைய காணிப் பாதையில் விழுந்தது. ஐயா அடித்தார், தண்ணீர் ஊற்றினார், சரி என்றார். அளவு எடுத்தாயிற்று. பிறகு நூறு.

பிரித்த வேலி இடைவெளிக்குள்ளால் நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கயிற்றை இழுத்துக்கொண்டு போனவர் வெங்காயப் பாத்தியின் வரம்பில் நின்றுவிட்டார். நூறாவது முடிச்சு பாத்தியின் நடுவில் கிடந்தது. அவர் முடிச்சைப் பார்த்தார். காய் முற்றிக்கொண்டிருந்த வெங்காயத்தைப் பார்த்தார். வரம்பிலேயே கம்பியை வைத்து அடித்தார். ஆறேழு மீற்றர் குறைவு.

"சரி பிள்ளை" என்று கத்தினார்.

வாழைக்குப் பின்னால் இருந்து மிஸ் என்னைத்தான் கேட்டார். "நூறோ அண்ணை?"

என் நாக்கு ஓம் என்ற சொல்லைத் தயாராக வைத்திருந்தது. அது எவ்வளவு இலேசாக வருகிறது என்பதைக் கண்டேன். ஓம் என்றால் பெரியவரையும் என்னைப் போலப் பொய்க்காரர் ஆக்கப்போகிறேன், அவருடைய காணிக்குள், அவருடைய வேலியை அவரே பிரித்துத் தந்திருக்கும்போது.

"இல்லை மிஸ். கரண்ட் விடாதேங்கோ. பொறுங்கோ" என்று கத்திவிட்டு இடைவெளிக்குள்ளால் உள்ளே போனேன்.

அவர் சுத்தியலோடு நிமிர்ந்தார். "உன்னை ஆர் உள்ளை வரச் சொன்னது?"

"ஐயா, அடையாளம் அங்காலை கிடக்கு."

"வெங்காயத்துக்கு நடுவிலையோ இரும்படிக்கச் சொல்லுறாய்? நாலு எட்டிலை என்ன குறைஞ்சு போச்சு?"

"நானும் உப்பிடித்தான் நினைச்சனான் ஐயா. உங்கடை வேலிக்குப் பயந்து அங்கை அடிச்சுப்போட்டு இஞ்சை எண்டு சொன்னனான். அதாலைதான் அந்தத் துளைக்காரன் இப்ப தொண்ணூறு அடி போக ஆயத்தமா நிக்கிறான்."

அவர் என்னை முதல் தரம் முகத்துக்கு நேரே பார்த்தார். திட்டப் போகிறார் என்று நின்றேன். சுத்தியலை என் பக்கமாக நீட்டினார். நான் பாத்திக்குள் இறங்கி முடிச்சில் கம்பியை வைத்து அடித்தேன். நாலு வெங்காயம் கிளம்பி வந்தது. அவர் குனிந்து அவற்றைப் பொறுக்கி மண்ணைத் தட்டி மடியில் கட்டிக்கொண்டார். "பாத்தி ஈரம்தான். தண்ணி ஊத்தத் தேவையில்லை" என்றார்.

"நூறு மிஸ். சரி."

மிஸ் மூன்று தரம் கரண்ட் விட்டு மூன்று தரமும் எழுதினார். நான் திரும்பிப் போனபோது அவர் பழைய புள்ளிகள் இரண்டையும் பென்சிலால் வெட்டிவிட்டுப் புதுப் புள்ளி வைத்திருந்தார். கோடு அறுபதாவது மீற்றர் முடிச்சுக்குப் பிறகு அறுந்த கயிறு போல் கீழே விழுந்தது. அவர் தாளைப் பார்த்துக்கொண்டே, "ஐம்பத்தைஞ்சு அடியிலை உப்பு. கூடினா அறுபது" என்றார். தொண்ணூறு அடி போயிருந்தால் என்று தொடங்கிய வசனத்தை முடிக்கவில்லை. என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

துளை போடுகிற மெசினைத் திருப்பி அனுப்பினார். இங்கே துளையே வேண்டாம், ஆழமில்லாமல் அகலமாக ஒரு கிணறு வெட்ட வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக ஊறுகிறதை அள்ள வேண்டும், இருபத்தெட்டு அடிக்குக் கீழே ஒரு விரல்கூடப் போகக்கூடாது என்றார். கூடியிருந்த சனம் கொதித்துவிட்டது. வந்த மெசினைக் கலைக்கிறாவோ என்று கேட்டார்கள். டீசலை வேறு ஊருக்கு விற்கப் போகிறாவோ என்றுகூட ஒருவர் கேட்டார். மிஸ் ஒரே வசனம்தான் சொன்னார். "முதல் அளவை பிழை. நான்தான் சரி பாத்திருக்கவேணும்." நான் அவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு நிலத்தைப் பார்த்தேன். பெண்கள் குடத்தை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஏழாவது குடத்தைத் தூக்க என் மனைவி வந்தபோது என்னைப் பார்த்தாள். அன்றுதான் அவளிடமும் சொன்னேன். அவள் வெறும் குடத்தைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு, "என்னாலை எண்டு மட்டும் மிஸ்ஸிட்டைச் சொல்லிப் போடாதேங்கோ" என்றாள்.

கிணறு வெட்ட இரண்டு மாதத்துக்கு மேல் எடுத்தது. வெடி வைக்க வழியில்லாத காலம், முழுக்க அலவாங்கு என்கிற கடப்பாரைதான். வலை இழுத்த கைகளுக்குச் சுண்ணாம்புக் கல் புதிது. ஒவ்வொரு நாளும் கொப்புளம் உடைந்தது. குடிதண்ணீருக்குத் தோட்டக்காரர் காலையில் ஒரு மணித்தியாலம் வேலியைத் திறந்துவிட்டார். அதிகம் கதைக்கவில்லை, திறந்துவிட்டார், அவ்வளவுதான். மிஸ் கிழமைக்கு ஒருக்கா வந்து ஒரு சின்னப் போத்தலில் தண்ணீர் எடுத்துச் சோதித்தார். பிறகு அவரைத் தென்மராட்சிப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். போகும்போது ஆழம் அளக்கிற கயிற்றில் இருபத்தெட்டு அடியில் சிவப்புத் துணி கட்டி என்னுடைய கையில் தந்துவிட்டுப் போனார். இந்த உலகத்தில் அதைக் கொடுக்க அவருக்கு வேறு ஆளில்லையா என்று நான் யோசித்தேன்.

இருபத்தெட்டு அடி வந்த நாள் அடியில் நானும் மச்சானும் இன்னும் இரண்டு பேரும் நின்றோம். தண்ணீர் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே. மேலே நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நாற்பத்தைந்து குடும்பத்துக்கு முழங்கால் தண்ணீர் காணுமோ என்று ஒருவர் கேட்டார். இன்னும் இரண்டு அடி போனால் இடுப்பளவு வரும் என்றார் இன்னொருவர். கீழே நின்ற ஒருவன் அலவாங்கை ஓங்கினான்.

"வேண்டாம்" என்றேன்.

"உவருக்கு நிழலைக் கண்டாலும் பயம்" என்று மேலே இருந்து யாரோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். "ரெண்டு அடியிலை கடல் வந்திடுமோ?"

நான் அவன் ஓங்கிய அலவாங்கைப் பிடித்துக்கொண்டேன். அவன் இழுத்தான். என்னைவிடப் பலமானவன். வேறு வழி தெரியவில்லை. தண்ணீருக்குள் நின்றபடி மேலே பார்த்துச் சொன்னேன். அன்று மெசின் திரும்பிப் போனது மிஸ்ஸின் பிழையால் அல்ல, வடக்குக் கம்பியை நான் வேலியடியில் அடித்துவிட்டு எண்பது என்றும் நூறு என்றும் பொய் சொன்னேன், அந்தப் பொய்யை நம்பியிருந்தால் இப்போது இங்கேயும் வேலிக்கு அப்பாலும் எல்லோரும் உப்பு குடித்துக்கொண்டிருப்போம், நாலு எட்டுத்தானே என்று நினைத்துத்தான் அதைச் செய்தேன், இந்த இரண்டு அடியும் அந்த நாலு எட்டுத்தான் என்று. கிணற்றுக்குள் இருந்து கதைப்பதால் குரல் எனக்கே பெரிதாகத் திரும்பி வந்தது.

மேலே இருந்து ஒருவர் தூசணத்தால் திட்டினார். அது எனக்கு உரியதுதான். மற்றவர் அவரை அடக்கினார். அலவாங்கு பிடித்தவன் பிடியை விட்டான். மச்சான் மட்டும் மெதுவாக, "அத்தான், உதை மேலை ஏறிப்போய்ச் சொல்லியிருக்கலாமே. இப்ப எங்களை ஆர் தூக்கி விடப்போகினம்?" என்றான்.

கொஞ்ச நேரம் கழித்துக் கயிறு வந்தது.

ஒரு குடும்பத்துக்கு இத்தனை வாளி என்று முறை வைத்து அள்ளினோம். சண்டை இல்லாத நாளில்லை. என் குடும்பத்தின் முறையைச் சிலர் கடைசியில் தள்ளினார்கள், நான் அந்த முறைக்கே நின்று அள்ளினேன். மகளுக்கு வயிற்றோட்டம் நின்றது. அதற்கு அந்தத் தண்ணீர்தான் காரணமா, காலம்தான் காரணமா என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு காலையும் முதல் வாளியில் ஒரு மிடறு எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பேன். மனம் கேட்காமல் இரண்டாவது மிடறும் எடுப்பேன். தொண்ணூற்றைந்தில் ஆமி வருகிறது என்று எல்லோரும் எழும்பிச் சாவகச்சேரிப் பக்கம் போன காலைவரை அது கரிக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த வளவில் யார் இருந்தார்கள், கோடைக்குத் தண்ணீர் காணாமல் இன்னும் இரண்டு அடி வெட்டினார்களா என்பது தெரியாது. இருபத்தெட்டு அடிக்குக் கீழே வெட்ட வேண்டாம் என்று ஒருவருக்கும் சொல்லிவிட்டு வர நேரம் இருக்கவில்லை.